வேலையா, ஊழியமா என்று கேட்ட தம்பிக்கு

கேள்வி: ஐயா, இந்த ஆண்டு பி.காம் முடித்தேன். ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் சேர வேண்டும். இடையில் ஒரு வாலிபர் முகாமில் முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். ஒரு மிஷன் ஸ்தாபனம் உடனே வரச் சொல்கிறது. முதல் வருடம் சம்பளம் கிடையாது, 'விசுவாசத்தோடு வாருங்கள்' என்கிறார்கள். அப்பா இல்லை. என் கல்விக் கடனுக்கு அம்மாதான் ஜாமீன். தங்கை படிக்கிறாள். வேலைக்குப் போனால் கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை மீறியதாகுமா? இது உண்மையான அழைப்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சபையில் செய்த சேவையை பயோடேட்டாவில் எழுதலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மேலே இருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான். முழுசாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நிறுவன வேலையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். முகாமைப் பற்றி அரைப் பக்கம். ஆனால் சபை நடத்தும் மாலை வகுப்பில் நீங்கள் கணக்குச் சொல்லித்தரும் ஒரு பையனைப் பற்றி முழுசாக ஒரு பக்கம். ஏழாம் வகுப்பு வந்தும் அவனுக்கு வகுத்தல் வரவில்லை. கேட்டால் கோபித்துக்கொண்டு நோட்டை மூடிவிடுவான். வாய்ப்பாடு தெரியாததுதான் காரணம், அதைச் சொல்ல வெட்கப்படுகிறான் என்று நீங்கள் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவனை மட்டும் உட்காரவைத்து, ஆறாம் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கினீர்கள். இப்போது மூன்றிலக்க எண்ணை வகுத்துவிட்டு, மீதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு நீட்டுகிறான்.

இதைப் பற்றி நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, போகிற போக்கில் சொன்னீர்கள். எனக்கோ கடிதத்திலேயே முக்கியமான இடம் அதுதான் என்று பட்டது. பட்டதாரிகளுக்கு வேலை வழிகாட்டுவது என் தொழில். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'யாரும் சொல்லாமல், மதிப்பெண்ணும் பணமும் இல்லாமல், நீங்களாகச் செய்த வேலை எது?' என்பதுதான். பலருக்கு உடனே பதில் வராது. உங்களுக்கு ஒரு பக்கம் வந்திருக்கிறது. நானும் விசுவாசிதான், அதனால் அந்தப் பக்கத்தை உங்கள் திறமைக்குச் சாட்சியாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் விசுவாசம் எந்த உருவத்தில் வெளியே வருகிறது என்பதும் அதில் தெரிகிறது. பொறுமையாக, ஆளோடு ஆளாக, பிழை எங்கே தொடங்கியது என்று தேடிப் போகிற உருவம் அது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். முகாமில் நீங்கள் உங்களை ஒப்புக்கொடுத்தது கர்த்தருக்கு. அந்த ஸ்தாபனத்துக்கு அல்ல. அந்த இரவின் ஜெபத்தையும் அவர்கள் அனுப்பிய விண்ணப்பப் படிவத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் ஜெபம் பொய்யாகிவிடாது.

வேலை செய்துகொண்டே ஊழியம் செய்வது இரண்டாம் தரம் என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. முகாம் மேடைகளில் அப்படிப் பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் கொரிந்து பட்டணத்துக்கு வருகிறார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்குகிறார். மூவருக்கும் ஒரே தொழில், கூடாரம் பண்ணுவது. சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் அவர் பேசுகிறார். அதே கொரிந்தில் இருந்த காலத்தில் மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் தன் குறைவை நிறைவாக்கினார்கள் என்று 2 கொரிந்தியர் 11-இல் அவரே எழுதுகிறார். ஆக, ஒரே ஆள், ஒரே ஊரில், தன் கையால் சம்பாதித்தும் இருந்திருக்கிறார், மற்றவர்கள் தாங்கியும் இருந்திருக்கிறார். இதில் எது உயர்ந்தது என்று அவர் தரம் பிரிக்கவில்லை. ஊழியத்துக்கு எப்போது எது உதவுமோ அதைச் செய்தார்.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தி எனக்குக் கவலை தந்தது. 'என் பாரத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார், அம்மாவையும் அவரே பார்த்துக்கொள்வார்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் பாதிக்கு மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கைகழுவியவர்களை அவர் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்று பாருங்கள். கைகழுவும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் திட்டத்தின் விளைவு அதுவாகத்தான் முடியும்.

ஏன் என்று கணக்குப் படித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்விக் கடனில் படிப்பு முடிந்த பிறகு கொஞ்ச காலம் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்திலும் பெரும்பாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். தவணை தொடங்கிய பிறகு நீங்கள் கட்டாவிட்டால் வங்கி கேட்கப்போவது கையெழுத்துப் போட்ட அம்மாவிடம். நீங்கள் சம்பளமில்லாமல் இருக்கும் அந்த ஒரு வருடத்தில் விசுவாசப் பரீட்சை எழுதப்போவது அவர். அவரிடம் கேட்காமல், அவர் பெயரில் நீங்கள் அந்த முடிவை எடுக்கக் கூடாது.

அதனால் என் ஆலோசனையைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வேலையில் சேருங்கள். மாலை வகுப்பை விடாதீர்கள். கடன் முடியும்வரை, இரண்டோ மூன்றோ ஆண்டுகள் ஆகலாம், முழுநேர ஊழியம் பற்றிய முடிவைத் திறந்தே வைத்திருங்கள். உங்களை நம்பி யாரும் இல்லை, கடனும் இல்லை, அழைக்கிற ஸ்தாபனம் தெளிவாகப் பேசுகிறது என்றால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். 'போய் ஒரு வருடம் செய்து பாருங்கள்' என்று நானே பலரை அனுப்பியிருக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உண்மையான அழைப்பை எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஒரு பட்டதாரியின் வரலாறு சொல்கிறேன். தாமஸ் கிளார்க்சன் 1785-இல் கேம்பிரிட்ஜில் ஒரு கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டார். 'மனிதரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது நியாயமா?' என்பது தலைப்பு. லத்தீனில் எழுத வேண்டும். பரிசு வாங்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். எழுதுவதற்காக அடிமை வியாபாரத்தைப் பற்றிப் படிக்கப் படிக்கத் தூக்கம் போயிற்று. பரிசும் கிடைத்தது. லண்டனுக்குக் குதிரையில் போகும் வழியில் வேட்ஸ்மில் என்ற இடத்தருகே இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். எழுதியதெல்லாம் உண்மையானால் யாராவது இந்தக் கொடுமைக்கு ஒரு முடிவு கட்ட வேண்டுமே என்ற எண்ணம் அங்கே வந்தது.

அப்போது அவருக்கு 25 வயது. திருச்சபைப் பணிக்கென்று டீக்கனாக அபிஷேகமும் பெற்றிருந்தார்; போதகராகப் போக வேண்டிய ஆள். ஆனால் அந்தச் சாலையோரத்துக்குப் பிறகு அவர் வாழ்க்கை பிரசங்க மேடைக்குப் போகவில்லை. 1787-இல் லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்க 12 பேர் கொண்ட ஒரு குழு ஓர் அச்சகத்தில் கூடியது. அதில் 9 பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கிளார்க்சன் பொறுப்பில் வந்தது ஆதாரம் திரட்டும் வேலை. பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களுக்குப் போனார். மாலுமிகளிடம் பேசினார். கைவிலங்கையும் கட்டைவிரல் நசுக்கும் கருவியையும் கடையிலேயே விலைக்கு வாங்கி வந்தார். கப்பல்களின் ஆள்பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்து, எத்தனை மாலுமிகள் ஏறினார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று பெயர் பெயராகக் கணக்குப் பார்த்தார். இந்த வியாபாரம் மாலுமிகளுக்கு நல்ல பயிற்சி என்று ஆதரவாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பொய் என்று அந்தப் பதிவேடுகளே காட்டின. தம்பி, பதிவேட்டைச் சரிபார்க்கிற வேலைக்குத்தானே நீங்கள் போகப்போகிறீர்கள்.

அவருடைய ஆதாரங்களை நாடாளுமன்றத்தில் எடுத்துப் பேசியவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அவர் கதை உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது. 1785-இல் அவருக்கு ஆழமான மனமாற்றம் வந்தபோது, அரசியலை விட்டுவிட்டுத் திருச்சபைப் பணிக்குப் போய்விடலாமா என்று தடுமாறினார். யாருக்கும் தெரியாமல் ஜான் நியூட்டன் என்ற போதகரைப் போய்ப் பார்த்தார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பல் தலைவராக இருந்தவர். அவரே போதகர்; 'நீயும் வந்துவிடு' என்று சொல்லியிருக்கலாம். இருக்கிற இடத்திலேயே இருந்து கர்த்தருக்கு வேலை செய் என்றுதான் அறிவுரை சொன்னார். அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1807-இல்தான் வந்தது. பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் பெரும்பகுதியில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல்.

ஒருவர் போதகராகும் பாதையிலிருந்து விலகினார், இன்னொருவர் அந்தப் பாதைக்குள் வராமல் நின்றார். இருவருமே அழைப்புக்குக் கீழ்ப்படிந்தவர்கள் என்றுதான் நான் நம்புகிறேன். இருவருக்கும் உணர்ச்சி பொங்கிய நேரம் இருந்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த உணர்ச்சி ஒரு குறிப்பிட்ட மனிதக் கூட்டத்தின் துன்பத்தோடும், தங்களால் செய்ய முடிந்த ஒரு குறிப்பிட்ட வேலையோடும் வந்து சேர்ந்தது. உங்கள் முகாம் அனுபவத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். 'ஊழியம்' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு, என்ன செய்ய என்று ஒரு வரிகூட இல்லை. மாலை வகுப்பைப் பற்றி எழுதும்போது மட்டும் இரண்டும் தெளிவாக இருக்கின்றன.

வேதத்திலேயே இன்னொன்று கவனியுங்கள். பர்னபாவையும் சவுலையும் (பவுலின் இன்னொரு பெயர்) ஊழியத்துக்கென்று பிரித்துவிடுங்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொல்வது அப்போஸ்தலர் 13-இல். அந்தச் சொல் தனியறையில் அவர்கள் காதில் மட்டும் விழவில்லை. அந்தியோகியா சபையில், பலர் ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அதற்கு முன்பே, 11-ஆம் அதிகாரத்தில், அவர்கள் இருவரும் அந்தச் சபையில் ஒரு வருடம் முழுக்கப் போதித்திருக்கிறார்கள். பஞ்சம் வந்தபோது யூதேயாவிலுள்ள சகோதரருக்கென்று சேர்த்த நிவாரணப் பணம் இவர்கள் கையில்தான் கொடுத்தனுப்பப்பட்டது. கூட இருந்து பார்த்தவர்கள், பணத்தை நம்பிக் கொடுத்தவர்கள், அப்புறம் அவர்கள்மேல் கை வைத்து ஜெபித்து அனுப்பினார்கள். உங்களை ஒரு வாரம் முகாமில் பார்த்தவர்கள் சொல்வதைவிட, இத்தனை நாளாக மாலை வகுப்பில் பார்ப்பவர்கள் சொல்வதற்கு நான் அதிக மதிப்புத் தருவேன். உங்கள் போதகரிடமும் வகுப்பை நடத்தும் அக்காவிடமும் நேராகக் கேளுங்கள். 'நான் நல்ல பையனா?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'நான் எதைச் செய்யும்போது பிள்ளைகளுக்குப் பிரயோஜனம் இருந்தது, எதில் சொதப்பினேன்?' என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'வெறும் பி.காம்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சேவை நிறுவனங்களுக்குள் போய்ப் பார்த்தால் பாடத் தெரிந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். கணக்கு மட்டும் ஒரு பழைய நோட்டிலும் ஒரே ஒருவரின் ஞாபகத்திலும் இருக்கும். பிள்ளைகள் விடுதிக்கென்று ஒரு குடும்பம் கொடுத்த நன்கொடை, அவசரத்துக்கு வண்டி டீசலுக்குப் போகும். எடுத்தவர் கெட்டவர் அல்ல. அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். ரசீது இருக்காது. நன்கொடை தந்தவர் ஒரு வருடம் கழித்து விசாரித்தால் பதில் இருக்காது. நல்ல மனிதர்கள் நடத்திய நல்ல வேலைகள் இப்படிப் பெயர் கெட்டு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்தபோது, யாரும் குறை சொல்ல இடம் தரக் கூடாதென்று சபைகள் நியமித்த ஒரு சகோதரனைக் கூட அனுப்பினார் பவுல். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்கிறார். தணிக்கை நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை கற்ற ஒருவர், அந்தச் சகோதரன் செய்த வேலையை இன்று எத்தனை இடங்களில் செய்யலாம் என்று யோசியுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, உங்களை அழைத்த ஸ்தாபனத்திடமே 'மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து கணக்கு எழுதித் தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். மகிழ்ச்சியோடு ஏட்டைத் திறந்து காட்டினால் நல்ல அடையாளம். 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், நீ ஆத்துமாக்களைப் பார்' என்றால், பின்னாளில் முழுநேரமாகச் சேரும் யோசனை வரும்போது அந்தப் பதிலை நினைவில் வையுங்கள்.

எப்போது சேர்ந்தாலும் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதம் எவ்வளவு தருவார்கள், உடம்புக்கு முடியாமல் போனால் செலவு யாருடையது, விடுமுறை எத்தனை நாள், நீங்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர் யாருக்குப் பதில் சொல்கிறார், விலக நினைத்தால் எப்படி. பிள்ளைகளோடு வேலை செய்யும் இடமென்றால் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எழுதிவைத்த விதிகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள். சான்றிதழ்களின் அசலைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். இதையெல்லாம் கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்களோ என்று பயப்பட வேண்டாம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டது இயேசுதான்.

ஓய்வைப் பற்றி ஒரு வார்த்தை. கிளார்க்சன் இரவு பகல் பார்க்காமல் அலைந்து, 1794-இல் உடல்நலம் உடைந்துபோய் விலக வேண்டி வந்தது. திரும்பி வரப் பத்து ஆண்டு ஆயிற்று. நீங்கள் வேலை, மாலை வகுப்பு, பாடகர் குழு, வாலிபர் கூடுகை என்று நான்கையும் தூக்கிக்கொண்டு ஓடப் பார்ப்பீர்கள், உங்கள் வயதில் அது இயல்பு. வகுப்பை வைத்துக்கொண்டு மற்ற இரண்டில் ஒன்றையாவது விடுங்கள். தணிக்கை வேலையில் வேலை நெருக்கும் மாதங்கள் உண்டு. அப்போது வகுப்புக்கு மாற்று ஆள் யார் என்று இப்போதே அக்காவிடம் பேசி வையுங்கள். பிள்ளைகள் வந்து காத்திருந்து திரும்பிப் போகக் கூடாது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சுலபம். தாராளமாக எழுதலாம். 'சபையில் ஊழியம்' என்று மொட்டையாகப் போட்டால் நேர்காணல் செய்பவருக்கு ஒன்றும் புரியாது. என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். எத்தனை ஆண்டு, எந்த வயதுப் பிள்ளைகள், வாரத்தில் எத்தனை மணி நேரம், பாடத்தை நீங்களே திட்டமிட்டீர்களா, பெற்றோரிடம் பேசினீர்களா. செய்யாததைச் சேர்க்காதீர்கள். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டால் அந்தப் பையனின் வாய்ப்பாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பிழையின் மூலத்தைத் தேடுகிற ஆளைத்தான் தணிக்கைக்காரர்கள் தேடுவார்கள். விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம், அங்கே சாட்சி சொல்லவும் வேண்டாம். கேட்பவர் வேறு நம்பிக்கை உள்ளவராக இருக்கலாம், எந்த நம்பிக்கையும் இல்லாதவராகவும் இருக்கலாம். அவர் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்கியது உங்கள் தகுதியைத் தெரிந்துகொள்ள.

வேலைக்குள் போன பிறகு உங்கள் விசுவாசத்துக்கு உண்மையான சோதனை வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ஒரு மேலாளர், 'இந்த ரசீது இல்லாவிட்டால் பரவாயில்லை, பார்த்ததாகக் குறித்துவிடு' என்று சாதாரணமாகச் சொல்வார். எல்லாரும் அப்படித்தான் குறித்துக்கொண்டிருப்பார்கள். அப்போது சண்டை போட வேண்டாம். 'ரசீது கிடைக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன், நீங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள்' என்று மரியாதையாகச் சொல்லப் பழகுங்கள். அதற்கு முகாமில் கை உயர்த்தத் தேவைப்பட்டதைவிட அதிக தைரியம் தேவைப்படும்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரம் அம்மாவோடு உட்கார்ந்து கடன் தாளை விரித்து, தவணை என்று தொடங்குகிறது, மாதம் எவ்வளவு என்று இருவரும் பாருங்கள். முகாமில் நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். இன்னும் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். நிறுவனத்துக்குச் சம்மதக் கடிதம் அனுப்புங்கள். ஸ்தாபனத்துக்கும் பதில் எழுதாமல் இழுத்தடிக்காமல், 'குடும்பப் பொறுப்பு இருப்பதால் இப்போது முழுநேரமாக வர முடியாது, சனிக்கிழமை வந்து கணக்கு வேலை செய்யத் தயார்' என்று தெளிவாக எழுதுங்கள். அவர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்பதை எனக்கும் தெரியப்படுத்துங்கள்.